இரத்தம் சொல்லும் செய்தி

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக. தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடையளித்திடுக.

படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி பள்ளியிலிருந்து ஒரு கடிதத்தை வீட்டிற்குக் கொண்டு வந்தாள். மலேசியச் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டு முதல் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனையை நடத்தி வருகிறது. அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. அன்று இரவு வேலை முடிந்து களைத்து வந்த அம்மா, கடிதத்தைப் படித்துக் கையொப்பமிட்டார். "ஊசி வலிக்குமா, அம்மா?" என்று மகள் கேட்டாள். "எறும்பு கடித்தாற்போல் இருக்கும்," என்றார் அம்மா.

சில வாரங்களில் முடிவு வந்தது. "ஈமோகுளோபின் குறைவு, சிவப்பணுக்களின் அளவு சிறியது, மேற்பரிசோதனைக்கு அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லவும்" என்று அதில் எழுதப்பட்டிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் கவலை. "வயசுப் பிள்ளை, இரத்தம் குறைவாகத்தான் இருக்கும். முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் கொடு, சரியாகிவிடும்," என்று பாட்டி ஆறுதல் சொன்னார். சித்தியோ, தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றின் விளம்பரத் தாளை நீட்டினார். 'பெண்களுக்கான முழுமையான இரத்தப் பரிசோதனை' என்ற தலைப்பின்கீழ் அறுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. விலை பல நூறு ரிங்கிட். அம்மா அத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளுடன் கிளினிக்கிற்குச் சென்றார்.

மருத்துவர் கேட்ட கேள்விகள்

கிளினிக்கில் மருத்துவர் உடனே ஊசியை எடுக்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். காலை உணவு உண்பது உண்டா? படியேறினால் மூச்சு வாங்குகிறதா? தலைசுற்றல் வருகிறதா? மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது? ஒரு நாளில் எத்தனை முறை அணையாடை மாற்ற வேண்டியிருக்கிறது?

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் மகள் தலைகுனிந்து கொண்டாள். அம்மாவே பதில் சொன்னார்: "எட்டு, ஒன்பது நாள் ஆகும், டாக்டர். எனக்கும் இந்த வயதில் அப்படித்தான் இருந்தது. எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு இது வழக்கம்தான்."

"வழக்கமாக நடப்பதெல்லாம் உடலுக்கு இயல்பானது என்று சொல்ல முடியாது, அம்மா," என்றார் மருத்துவர். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும், ஓரிரு மணி நேரத்திற்கு ஒருமுறை அணையாடை மாற்ற நேர்வதும், பெரிய இரத்தக் கட்டிகள் வெளியேறுவதும் மிகையான இரத்தப்போக்கின் அறிகுறிகள் என்று அவர் விளக்கினார். மேசைமேல் இருந்த தாளில் ஒரு கணக்கையும் எழுதிக் காட்டினார். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. ஒரு மாதவிடாயின்போது 80 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறினால், 40 மில்லிகிராம் இரும்புச்சத்து போய்விடுகிறது. நம் உடல் உணவிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வதோ ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் மட்டுமே. அதிலும் ஒரு மில்லிகிராம் அன்றாடத் தேய்மானத்திற்கே சரியாகிவிடும். வரவைவிடச் செலவு மிகுந்தால் சேமிப்பு கரைவதுபோல, மாதந்தோறும் உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்துகொண்டே போகும்.

பிறகு மருத்துவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

"எனக்கென்ன, டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் அசதி. அவ்வளவுதான்." ஆனால், பேசப் பேச உண்மை வெளிவந்தது. தொழிற்சாலையின் குளிர்ச்சாதன அறையில் மற்றவர்கள் சாதாரணமாக இருக்கையில், அவர் மட்டும் இரண்டு சட்டை அணிகிறார். சாப்பாடு குறைந்தும் எடை கூடியிருக்கிறது. முடி கொட்டுகிறது. மலச்சிக்கல் இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். "வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று நினைத்தேன்," என்றார்.

அன்று இருவரிடமும் இரத்தம் எடுக்கப்பட்டது.

மூன்று குப்பிகள்

தாதி, முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, புடைத்த சிரையில் ஊசியைச் செலுத்தினார். மூன்று சிறு குப்பிகள் நிரம்பின. மொத்தம் இரண்டு தேக்கரண்டி அளவுகூட இராது. வளர்ந்த பெண்ணின் உடலில் நான்கு முதல் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஆகவே, இந்த இழப்பை உடல் விரைவில் ஈடுசெய்துவிடும்.

மூன்று குப்பிகளுக்கும் மூன்று நிற மூடிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஊதா நிற மூடியுள்ள குப்பியில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. உறையாத இரத்தத்தில்தான் அணுக்களை எண்ண முடியும். சாம்பல் நிற மூடியுள்ள குப்பி சர்க்கரையை அளப்பதற்குரியது. இரத்தம் குப்பிக்குள் வந்த பின்னரும் அணுக்கள் உயிருடன் இருந்து சர்க்கரையை உட்கொண்டபடியே இருக்கும். அதனைத் தடுக்க ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. மஞ்சள் நிற மூடியுள்ள குப்பியில் இரத்தம் உறைய விடப்படுகிறது. மேலே தெளிந்து நிற்கும் ஊனீரில்தான் இயக்குநீர்கள், கொழுப்பு, இரும்புச் சேமிப்பு முதலியன அளக்கப்படுகின்றன.

பரிசோதனைக்கு முன் நாம் செய்வதும் முடிவைப் பாதிக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவை அறிய, குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும். வெறும் நீர் அருந்தலாம். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில இயக்குநீர்ப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும். எனவே, உட்கொள்ளும் மாத்திரை எதுவாயினும் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரும்புக் குறையா, மரபுக் குறையா?

ஊதா மூடிக் குப்பியில் செய்யப்படுவது முழு இரத்த எண்ணிக்கை. இது எளிய சோதனை, செலவும் குறைவு. ஆனால், இது தரும் தகவல்கள் ஏராளம். சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமக்கின்றன. வெள்ளையணுக்கள் கிருமிகளை எதிர்க்கின்றன. தட்டணுக்கள் இரத்தம் உறைய உதவுகின்றன. இம்மூன்றின் எண்ணிக்கையும், சிவப்பணுவின் அளவும், அதிலுள்ள ஈமோகுளோபினின் அளவும் இதில் தெரிந்துவிடும்.

கருவுறாத பெண்ணின் ஈமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. மாணவியின் அளவு 10.4 கிராம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பத்துப் பேரில் மூவருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஒரு வகுப்பில் இருபது மாணவிகள் இருந்தால், அவர்களுள் ஆறு பேருக்கு இக்குறை இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பரப்பு விளங்கும்.

சிறுத்து வெளிறிய சிவப்பணுக்களுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மற்றொன்று, பெற்றோரிடமிருந்து வரும் தலசீமியா மரபுக்கூறு. நுண்ணோக்கியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத் தோன்றலாம். ஆனால், அவற்றுக்கான தீர்வு முற்றிலும் வேறு. முதலாவதற்கு இரும்பு மாத்திரை வேண்டும். இரண்டாவதில் உடலில் பெரும்பாலும் போதிய இரும்பு இருக்கும், மாத்திரையால் பயனில்லை. மேலும், தலசீமியா மரபுக்கூறு உடையவர் நலமாகவே வாழ்வார். அவருக்கு அது நோயன்று. ஆயினும், மரபுக்கூறு உடைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா ஏற்பட நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. திருமணத்திற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பதினாறு வயதில் இப்பரிசோதனை நடத்தப்படுவதன் நோக்கம் இதுவே.

இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவது ஃபெரிட்டின் சோதனை. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புக் களஞ்சியம். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் களஞ்சியம் காலி என்று பொருள். மாணவியின் அளவு 6. ஈமோகுளோபின் வகைகளை ஆராய்ந்த சோதனையில் தலசீமியாவுக்கான அடையாளம் தென்படவில்லை. ஆக, அவளுக்கு இருந்தது இரும்புக் குறை. பாட்டி சொன்ன முருங்கைக் கீரை நல்லதுதான். ஆனால், காலியான களஞ்சியத்தை நிரப்ப அது மட்டும் போதாது. மருத்துவர் இரும்பு மாத்திரைகளைக் கொடுத்தார். மிகையான இரத்தப்போக்கிற்குத் தனியே சிகிச்சை அளித்தார். "சாப்பாட்டுடன் தே தாரே குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடு. தேநீர், இரும்பை உடலில் சேரவிடாது. கொய்யாப்பழம் சாப்பிடு, அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பைச் சேர்க்க உதவும்," என்றும் அறிவுறுத்தினார்.

கண்ணுக்குத் தெரியாத தூதுவர்கள்

அம்மாவின் முடிவு வேறொரு கதையைச் சொன்னது. அவருடைய குறை இயக்குநீரில் இருந்தது.

இயக்குநீர் அல்லது ஹார்மோன் என்பது ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு இரத்தத்தின் வழியே அனுப்பும் செய்தி. இரத்தத்தில் அதன் அளவு மிக மிகக் குறைவு. அதனால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெரும்பாலான இயக்குநீர்களை இரத்தத்தில் துல்லியமாக அளக்க வழியே இருக்கவில்லை. அந்த வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் ரோசலின் யாலோ என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1921ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த அவர் இயற்பியல் பயின்றார். 1941ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அங்குள்ள பொறியியல் புலத்தின் நானூறு பேரில் அவர் ஒருவரே பெண். பின்னர், சாலமன் பெர்சன் என்ற மருத்துவருடன் இணைந்து, இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டறிந்தார். அவர்களின் தொடக்கக் கட்டுரை ஒன்றை ஆய்விதழ் ஏற்க மறுத்தது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. அம்முறைக்குக் காப்புரிமை கோராமல் உலகிற்கே பொதுவாக விட்டுக்கொடுத்தனர். 1977ஆம் ஆண்டு யாலோவுக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டதால் அப்பரிசில் பங்குபெறவில்லை.

அவர்களின் முறை நாற்காலிப் போட்டியைப் போன்றது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் எதிர்ப்பொருள்கள் நாற்காலிகளாக இருக்கின்றன. அடையாளமிட்ட இயக்குநீரும், நோயாளியின் இரத்தத்திலுள்ள இயக்குநீரும் இடத்திற்குப் போட்டியிடுகின்றன. அடையாளமிட்டவற்றுள் எத்தனை இடமின்றி வெளியே நிற்கின்றனவோ, அதைக் கொண்டு இரத்தத்தில் எவ்வளவு இயக்குநீர் இருந்தது என்பதைக் கணக்கிடலாம். அன்று கதிரியக்கம் அடையாளமாகப் பயன்பட்டது. இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் ஒளி உமிழும் பொருள்கள் பயன்படுகின்றன.

இயக்குநீர்ச் சோதனைகளுள் பெண்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது தைராய்டு சோதனை. கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, உடல் இயங்கும் வேகத்தை முடிவு செய்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதற்கு மேற்பார்வையாளர். தைராய்டு சோம்பினால், பிட்யூட்டரி 'வேலை செய்' என்று டி.எஸ்.எச். என்னும் இயக்குநீரை மேலும் மேலும் அனுப்பும். ஆகவே, டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு மந்தமாகிவிட்டது என்று பொருள். பலர் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். இதன் வழக்கமான வரம்பு ஏறத்தாழ 0.4 முதல் 4.0 வரை. அம்மாவின் அளவு 18. தைராக்சின் அளவோ வரம்பிற்குக் கீழே இருந்தது.

குளிர், எடை, முடி உதிர்தல், மறதி, அசதி ஆகிய அனைத்திற்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. தைராய்டு கோளாறு ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. பிறவியிலேயே தைராய்டு குறை இருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பதால், மலேசிய மருத்துவமனைகளில் பிறந்தவுடனேயே தொப்புள்கொடி இரத்தத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது. பிறந்த குழந்தைக்குச் செய்யும் சோதனை, இரண்டு ஆண்டுகள் அவதியுற்ற அம்மாவுக்கு எவரும் கேட்காததால் செய்யப்படாமலேயே இருந்தது.

நாள் பார்த்துச் செய்யும் சோதனை

பெண்ணின் உடலில் சில இயக்குநீர்கள் மாதம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அலைபோல் ஏறி இறங்குகின்றன. எனவே, அவற்றை அளக்க நாள் முக்கியம். சூலகத்தைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவற்றை மாதவிடாயின் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் அளப்பது வழக்கம். கருமுட்டை வெளிவந்ததா என்பதைக் காட்டும் புரோஜெஸ்டிரோனை, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஏழு நாள்களுக்கு முன் அளக்க வேண்டும். நாள் தெரியாமல் எடுத்த எண்ணுக்குப் பொருள் காண இயலாது. நாள்காட்டியில் மாதவிடாய் தொடங்கும் தேதியைக் குறித்து வைக்கும் எளிய பழக்கம் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

ஏறத்தாழப் பத்தில் ஒரு பெண்ணுக்கு ஏற்படும் சினைப்பை நீர்க்கட்டி நோயில் மாதவிடாய் தள்ளிப்போகும், முகத்தில் முடி வளரலாம், பருக்கள் மிகும். இரத்தத்தில் ஆண்பால் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் கூடியிருக்கலாம். ஆயினும், இரத்தப் பரிசோதனை மட்டுமே இந்நோயை உறுதிப்படுத்திவிடாது. அறிகுறிகளையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது பலருக்கும் உண்டு. ஆதலால், இளம்பெண்கள் வீணாக அஞ்ச வேண்டியதில்லை. அதுபோலவே, நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுகொண்டிருப்பதை அறியப் பொதுவாக இயக்குநீர்ச் சோதனை தேவைப்படுவதில்லை. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால் அதுவே போதிய சான்று.

அந்த வயதில் கவனிக்க வேண்டியவை வேறு: சர்க்கரையும் கொழுப்பும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், கெட்ட கொழுப்பு உயர்ந்து இதயநோய் அபாயம் கூடுகிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது மேலும் அதிகம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 மில்லிமோலை எட்டினால் அது நீரிழிவின் எல்லை. கருவுற்றிருந்த காலத்தில் சர்க்கரை கூடிப் பின்னர் சரியான பெண்களுக்கும் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. குழந்தை பிறந்ததும் அதை மறந்துவிடலாகாது.

அறுபது சோதனைகள் தேவையா?

அம்மா தயங்கியபடியே விளம்பரத் தாளைப் பையிலிருந்து எடுத்து மருத்துவரிடம் காட்டினார். "இவை எல்லாவற்றையும் செய்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா, டாக்டர்?"

மருத்துவர் புன்னகைத்தார். "ஆய்வுக்கூட அறிக்கையில் 'வரம்பு' என்று இருக்கிறதே, அதை எப்படி வகுக்கிறார்கள் தெரியுமா? நலமாக உள்ள நூறு பேரை அளந்தால், நடுவில் வரும் 95 பேரின் அளவுதான் வரம்பு. எஞ்சிய ஐந்து பேரும் நலமானவர்கள்தாம். ஆனால், அவர்களின் எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழுந்துவிடும்."

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை நலமான நூறு பெண்களுக்குச் செய்தால், எல்லா முடிவுகளும் வரம்புக்குள் அமைபவர் ஏறத்தாழ 36 பேர் மட்டுமே. மீதி 64 பேருக்கும் குறைந்தது ஒரு முடிவாவது வரம்பை மீறிக் காட்டும். அவர்கள் நோயின்றியே கலங்குவர். மறுசோதனைக்கும் ஸ்கேனுக்கும் பணம் செலவிடுவர். விளம்பரத் தாளில் 'சூலகப் புற்றுநோய்ச் சோதனை' என்று இருந்த சி.ஏ.125 மாதவிடாயின்போதும், புற்றுநோய் அல்லாத சில கருப்பைக் கோளாறுகளிலும்கூட உயரக்கூடியது. அறிகுறி ஏதுமில்லாத பெண்களுக்கு அதைப் பொதுச் சோதனையாகச் செய்வது பரிந்துரைக்கப்படுவதில்லை.

இன்னொரு புறம், இரத்தம் சொல்லாத செய்திகளும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனை வேண்டும். அதனைத் தடுக்கும் தடுப்பூசி நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவிகளுக்குப் போடப்படுகிறது. மார்பகப் புற்றுநோயை அறிய மருத்துவரின் பரிசோதனையும் மேமோகிராமும் வேண்டும். அறுபது இரத்தச் சோதனைகளும் சரியாக இருந்தன என்பதற்காக இவற்றைத் தவிர்ப்பது ஆபத்தாகும்.

"முழுமையான பரிசோதனை என்பது உங்கள் வயது, அறிகுறி, குடும்ப வரலாறு ஆகியவற்றைக் கேட்டறிந்த பிறகு, தேவையானதைச் செய்வதுதான். அரசாங்கக் கிளினிக்கில் அதற்குப் பெரும் செலவும் ஆகாது," என்றார் மருத்துவர். 40 வயதை எட்டிய, வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கு 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தின்வழி இலவசப் பரிசோதனை வாய்ப்பு இருப்பதையும் அவர் எடுத்துச் சொன்னார்.

மூன்று மாதங்களுக்குப் பின்

மகள் இரும்பு மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டாள். முதலில் வயிறு மந்தமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அம்மா விடியற்காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரையை விழுங்கினார். அரை மணி நேரம் கழித்தே பசியாறினார். மூன்று மாதங்களுக்குப் பின் மறுசோதனை செய்யப்பட்டது. மகளின் ஈமோகுளோபின் 12.3 ஆக உயர்ந்திருந்தது. களஞ்சியமும் நிரம்ப வேண்டும் என்பதால் மாத்திரையை இன்னும் சில மாதங்கள் தொடரும்படி மருத்துவர் கூறினார். அம்மாவின் டி.எஸ்.எச். 3.6க்கு இறங்கியிருந்தது. பாட்டியும் தம் பங்கிற்கு ஒன்றை ஒப்புக்கொண்டார்: "என் காலத்திலும் இப்படித்தான் மயக்கம் மயக்கமாக வரும். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை."

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். குடும்பத்தின் சுவராக நிற்பவரின் அசதியை 'அது அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதைக் காது கொடுத்துக் கேட்பதே முதல் பரிசோதனை. ஊசியும் குப்பியும் அதற்குப் பின்னரே வருகின்றன.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. பிள்ளைகளின் தேர்வு நாள், மின்கட்டணம் செலுத்த வேண்டிய நாள், பாட்டியின் மருத்துவ நாள் எல்லாம் அதில் அம்மாவின் கையெழுத்தில் இருக்கும். இப்பொழுது ஒரு கட்டத்தில் மகளின் கையெழுத்தும் இருக்கிறது: 'அம்மா – இரத்தப் பரிசோதனை.'

சொற்பொருள்

அணையாடை – மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் துணி அல்லது பஞ்சுப் பட்டை
ஊனீர் – இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்
இயக்குநீர் – சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள், ஹார்மோன்
சூலகம் – கருமுட்டை உருவாகும் உறுப்பு, சினைப்பை
மரபுக்கூறு – பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வழிவழியாக வரும் உடற்கூறு
களஞ்சியம் – பொருளைச் சேமித்து வைக்கும் இடம்

கருத்துணர் கேள்விகள்

1. மாணவி மேற்பரிசோதனைக்கு ஏன் அனுப்பப்பட்டாள்?
2. இரும்புச் சேமிப்பு கரைவதை மருத்துவர் எவ்வாறு கணக்கிட்டு விளக்கினார்?
3. தலசீமியா பரிசோதனையைப் பதினாறு வயதில் நடத்துவதன் நோக்கம் யாது?
4. டி.எஸ்.எச். அளவு கூடுவது தைராய்டு மந்தமாகிவிட்டதை எவ்வாறு காட்டுகிறது?
5. "வழக்கமாக நடப்பதெல்லாம் உடலுக்கு இயல்பானது என்று சொல்ல முடியாது" எனும் கூற்றின் உட்கருத்தை விளக்குக.
6. அதிகமான சோதனைகளைச் செய்வது நிம்மதி தரும் என்ற எண்ணம் சரியா? கட்டுரையிலிருந்து இரண்டு காரணங்களைக் காட்டி உமது கருத்தை எழுதுக.

சிந்தனைக்கு

உம் வீட்டிலுள்ள பெண்கள் தங்கள் உடல்நலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குவதற்கான காரணங்கள் யாவை? அத்தயக்கத்தைப் போக்கக் குடும்பத்தினர் ஆற்றக்கூடிய பங்கைக் குழுவில் கலந்துரையாடிடுக.